கலண்டரில் இல்லாத லீவு

நம்முடைய வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கதை எப்படியோ சுற்றி வளைத்து அந்த நாளில் வந்து நின்றுவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் கொள்ளுப்பிட்டியில் பகல் சாப்பாட்டுக்குக் கூடினோமே, அங்கேயும் அதுதான் நடந்தது. முழங்கால் நோவு, பிரஷர்க் குளிசை, பிள்ளைகளின் வீசா என்று எல்லாம் கதைத்து ஓய்ந்த பிறகு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "லங்கா முதன்முதல் வேர்ல்ட் கப் வெண்ட அண்டைக்கு நீங்கள் எல்லாரும் எங்க இருந்து பாத்தனீங்கள்?"

அவ்வளவுதான், மேசை கலகலத்துப் போனது. ஜிந்துப்பிட்டியில் இருந்தவள், ஒழுங்கை முழுவதுக்கும் ஒரே டீவியை மேசைமேல் ஏற்றி வைத்துப் பார்த்த கதையைச் சொன்னாள். நுகேகொடைக்காரி, தன் மச்சாளின் கலியாண வீட்டில் மாப்பிள்ளை காணாமல் போய், கடைசியில் சமையல்காரர்களோடு ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கப் பிடிபட்ட கதையைச் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் பின்னேரப் பூசைக்குப் போனவள், பாதர் அன்றைக்குப் பிரசங்கமே வைக்கவில்லை என்றாள். என் முறை வந்ததும், "வெள்ளவத்தையிலதான், வீட்டுக்குப் பக்கத்தில" என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள். நல்லகாலம்.

சிரித்துக்கொண்டிருப்பவர்களின் வாயை ஏன் கட்டுவான் என்றுதான் மேசையில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

அந்த வருடம் நீங்கள் யாரும் எனக்குச் சிநேகிதிகள் இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த புதுப் பிள்ளை, கடைசி வாங்கு. என்னுடைய 'அங்க', 'இஞ்ச' எல்லாவற்றையும் நீங்கள் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்ததை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் ஒரு லொட்ஜின் மேல்மாடியில் அம்மாவும் நானும் ஓர் அறையில் இருந்தோம். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது மேசையில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பை தானாக நகரும். யன்னல் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை நக்கினால் உப்புக் கரிக்கும். அந்த அறையில் எனக்குப் பொழுதுபோக்கு அதுதான், வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லை என்பது பொய். அப்பாவின் ரேடியோ இருந்தது. தோல் உறை போட்டது, உறையில் சின்னச் சின்ன ஓட்டைகள். அப்பா கிரிக்கெட் பைத்தியம். நெருப்புக்குச்சிகளை மேசையில் அடுக்கி இது சிலிப், இது கவர், இது மிட் ஓன் என்று எனக்குச் சொல்லித் தந்தவர். அவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று ரேடியோவை என் மடியில் வைத்து, "ஸ்கோரைக் கேட்டு வை, நான் போன் எடுக்கேக்க சொல்லு" என்று மட்டும் சொன்னார். ஜேர்மனிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், அவரை மொஸ்கோவில் கொண்டுபோய் ஓர் அறையில் போட்டு வைத்திருந்தான். அந்த அறைக்குப் போன் நம்பர் கிடையாது. நாங்கள் எடுக்க முடியாது. ஏஜென்சியின் ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிக்கொண்டு போனால், அவர் எங்களுக்கு எடுப்பார்.

எங்களுக்கு என்றால், காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்கு. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் முழத்துக்கு ஒன்று இருந்ததே, ஞாபகமா? போட்டோகொப்பி எடுக்கும் மெஷின் ஒன்று, மேசையில் சிவப்புப் போன் ஒன்று, சுவரோரம் நீள வாங்கு ஒன்று. லொட்ஜுகளில் இருந்த நம்முடைய ஆட்களுக்கெல்லாம் புருஷன்மாரும் அண்ணன்மாரும் அங்கேதான் எடுப்பார்கள். ஆளுக்கொரு நேரம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் ஒருவரின் நேரத்தில் மற்றவர் போனைத் தொடமாட்டார்கள். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி எங்களுடையது. கடை முதலாளி சிங்களவர், கொஞ்சம் தமிழ் தட்டுவார். மணி அடித்ததும் எடுத்துக் கேட்டுவிட்டு, "நோனா, மாத்தயா கோல்" என்று, ஐயா எடுக்கிறார் என்கிற அர்த்தத்தில், அம்மாவிடம் நீட்டுவார்.

இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் கோலுக்கு அம்மா உடுத்துவாள். நாலு மணிக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, இருக்கிற நல்ல சீலையில் ஒன்றைக் கட்டுவாள். எனக்கும் இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டி, சட்டை மாற்றிவிடுவாள். அம்மா மட்டும் அல்ல, அந்த வாங்கில் இருந்த எல்லாப் பெண்களும் கோயிலுக்கு வந்தவர்கள்போலத்தான் இருந்தார்கள். ஆனால் என் அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா போனில் முதலில் கேட்பது சுகமா என்று அல்ல. "இண்டைக்கு என்ன சீலை?" என்றுதான் கேட்பார். வாங்கு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வாயைக் கையால் பொத்தி, "பச்சை" என்பாள், "மஞ்சள் கரை போட்டது" என்பாள். அவளுடைய காது சிவக்கும். அதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

கதை முடியும்போது அடுத்த கோல் எப்போது என்று அப்பா சொல்ல வேண்டும். அதற்கு முதல் அம்மா கடைச் சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்ப்பாள். போயா என்கிற பௌர்ணமி லீவு நாளில் முதலாளி கடை பூட்டிவிடுவார். ஒருமுறை அது தெரியாமல் ஒரு கோல் தவறிப்போயிருந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குக் கலண்டர்தான் வேதம். சிவப்பு எழுத்துகளையெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்து, "ஓம், அண்டைக்கு ஒண்டுமில்லை, எடுங்கோ" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அப்பாவின் குரல் சரியில்லை. ரிசீவரின் பின்பக்கத்தில் நான் காதை ஒட்டிக்கொண்டு நின்றதால் எனக்கும் கேட்டது. அடுத்த பயணம் லொறிக்குள் ஒளிந்து, பிறகு பனிக்காட்டுக்குள்ளால் நடந்து என்று சொல்லிவிட்டார்களாம். முதல் போன கூட்டத்தில் ஒருவர் கால் விரல்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அதே அறையில் படுத்திருக்கிறாராம். "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று அப்பா சொன்னார். அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதற்கு முதல் கேட்டதில்லை. "வாற ஞாயிறு எடுப்பன். திங்கள் வெளிக்கிடுற கூட்டத்தில நானும் சேரவேணும், இல்லாட்டித் திரும்பி வரவேணும். யோசிச்சு நீயே ஒரு முடிவு சொல்லு. வா எண்டா வந்திடுவன். போ எண்டாப் போறன்."

எனக்கு ஸ்கோர் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. லங்கா வென்றுகொண்டே வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், லைன் வெட்டுப்பட்டது.

அந்தக் கிழமை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் ஊர் உலகம் எல்லாம் போகத்தான் சொல்லும். வியாழக்கிழமை பின்னேரம் எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சீப்பை நிறுத்தினாள். "அப்பாவை வரச் சொல்லப் போறன். கஞ்சியைக் குடிச்செண்டாலும் மூண்டு பேரும் ஒண்டா இருப்பம்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் போல ஒன்று பிறகு இந்த வயது வரைக்கும் வரவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதே கிழமைதான் லங்கா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. உங்களுக்குத் தெரியும், நாடு என்ன பாடுபட்டது என்று. ஆனால் கவனித்தீர்களா, யாரும் ஒன்றையும் அறிவிக்கவில்லை. பொங்கலுக்கு லீவு, வெசாக்குக்கு லீவு, நத்தாருக்கு லீவு, எல்லாம் கலண்டரில் சிவப்பாகக் கிடக்கும். இந்த லீவை ஒருவரும் விடவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஞாயிறு பின்னேரம் யாரும் எங்கேயும் இருக்கப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு மட்டும் தெரியாது. எனக்கும் அது கடையோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தோன்றவில்லை. முந்தின மேட்ச்களையெல்லாம் முதலாளி கடை மேசையில் ஒரு சின்ன டீவியை வைத்துப் பார்த்தவர்தானே. இதையும் அங்கே இருந்தே பார்ப்பார், கோல் முடிந்ததும் நானும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை லொட்ஜ் மனேச்சர் அங்கிள் வாசல் கேற்றில் சிங்கக்கொடி ஒன்றைக் கட்டினார். அவரும் நம்முடைய ஆள்தான், சாவகச்சேரி. சில கிழமைகளுக்கு முன்புதான் கோட்டையில் பெரிய குண்டு வெடித்திருந்தது. அதன் பிறகு லொட்ஜுக்கு இரவிரவாகப் பொலிஸ் செக்கிங் வந்து, இரண்டு பெடியன்களைக் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதனால் அவர் எல்லாரையும் கூப்பிட்டு எச்சரித்தார். "இண்டைக்கு ஒருத்தரும் தெருவில திரியாதைங்கோ. ஒருத்தற்ற கதவையும் தட்டாதைங்கோ. தோத்தாலும் எங்களைத்தான் பாப்பாங்கள், வெண்டாலும் எங்களைத்தான் பாப்பாங்கள்" என்றார். சொல்லிவிட்டுப் போய்க் கீழே ஹோலில் முதல் கதிரையில் டீவிக்கு முன்னால் இருந்துகொண்டார். அவருக்குப் பயமும் இருந்தது, லங்காவும் வெல்ல வேண்டும். இரண்டும் உண்மைதான்.

அம்மா பெட்டியைத் திறந்து கத்தரிப்பூக் கலர்ச் சீலையை எடுத்தாள். போன தீபாவளிக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது, கசங்கிவிடும் என்று வைத்திருந்தாள். நான் ஒரு துண்டுக் கடதாசியில் எல்லா மேட்ச்சின் ஸ்கோரையும் எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நிமிஷம் தருவதாக அம்மா சத்தியம் பண்ணியிருந்தாள்.

வெளியே வந்தால் ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. காலி வீதிக்கு ஏறினோம். காலி வீதியை நீங்கள் அப்படிப் பார்த்திருக்கமாட்டீர்கள், நீங்கள்தான் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே. இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக் கடைப் பலகையின் எழுத்தை ஆறுதலாக வாசிக்கலாம். ஒரு பஸ் ஓரமாக நின்றது, உள்ளே ட்ரைவரும் இல்லை, கொண்டக்டரும் இல்லை. சைவக் கடையில் வடைத் தட்டு கண்ணாடிக்குள் இருந்தது, காசு வாங்க ஆள் இல்லை. எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே குரல் வந்தது, அதே வர்ணனையாளரின் குரல். நாங்கள் நடக்க நடக்க அந்தக் குரலும் எங்களோடு கூடவே வந்தது. ஊரில் இடம்பெயர்ந்து போனபோது இப்படி வெறிச்சோடின தெருக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். இது வேறு. எல்லாரும் உள்ளே இருந்தார்கள், நாங்கள் மட்டும் வெளியே.

கடை பூட்டியிருந்தது.

அம்மா முதலில் நம்பவில்லை. ஷட்டரைக் கையால் தடவிப் பார்த்தாள், குனிந்து பூட்டைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "இண்டைக்குப் போயாவோ?" என்று கேட்டாள். "இல்லை அம்மா, மேட்ச்" என்றேன். "மேட்ச்சுக்குக் கடை பூட்டுறதோ?" என்றாள்.

முதலாளியின் வீடு கடைக்கு மேலேதான். பக்கத்தால் படிக்கட்டு. படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன, பெரியது, சின்னது, சப்பாத்து எல்லாம். மேலே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள் போலும். சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. நான் படியில் காலை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம். அங்க ஆம்பிளையள் குடிச்சுக் கொண்டிருப்பினம். எங்களுக்கு ஏன் வம்பு. ஐஞ்சு மணிக்குக் கோல் வரும் எண்டு முதலாளிக்குத் தெரியும், இறங்கி வருவார்" என்றாள்.

அவர் வரவில்லை. போன் வந்தது.

ஷட்டருக்கு உள்ளே, கிட்டத்தான், கையை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் அது அடித்தது. அடித்து நின்றது. திரும்ப அடித்தது. அம்மா ஷட்டரின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். இரும்பு அசையவில்லை. மூன்றாந்தரம் அடித்தபோது எதிரணியின் விக்கெட் ஒன்று விழுந்திருக்க வேண்டும். வெள்ளவத்தை முழுவதும் ஒரே நேரத்தில் கத்தியது. மேல்வீட்டில் கால்களால் தரையை உதைத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் மணிச்சத்தம் காணாமல் போய்விட்டது. கத்தல் அடங்கினபோது அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அம்மா செய்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவள் முழங்காலில் இருந்தாள். ஷட்டரில் கடிதம் போடுவதற்கு ஒரு வெட்டு இருந்தது, அதில் வாயை வைத்தாள். "இஞ்சாருங்கோ, நான் வந்திட்டன்" என்றாள். "வந்திடுங்கோ. போகவேண்டாம். வந்திடுங்கோ." கத்தவில்லை. கடையில் ஆட்கள் இருக்கும்போது போனில் கதைக்கிற அதே அடங்கின குரல். மணி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வாயை வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை.

நாங்கள் படியில் இருந்தோம். சில நேரம் ஒரு மணித்தியாலம் விட்டு எடுப்பார், இன்றைக்கும் எடுப்பார் என்றாள் அம்மா. வெயில் இறங்கியது. முதல் பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டிருக்க வேண்டும், மேலேயிருந்து முதலாளியின் மனைவி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்ட இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் திடுக்கிட்டார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். சிங்களத்தில் என்னவோ படபடவென்று சொன்னார், 'மேட்ச்' என்ற சொல் மட்டும்தான் எங்களுக்கு விளங்கியது. மேலே கையைக் காட்டினார், என் தோளைப் பிடித்துத் தள்ளினார். டீவி இல்லாத வீட்டு ஆட்கள், மேட்ச் பார்க்க வெட்கப்பட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சாவி அந்த மனுஷியின் வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும். ஒரு சொல் சொன்னால் போதும், ஷட்டரைக் காட்டினால்கூடப் போதும். ஆனால் அம்மாவிடம் இருந்த சிங்களம் எல்லாம் எவ்வளவு, போதும், இல்லை, நன்றி. அந்தச் சிங்களத்தில் மொஸ்கோவைச் சொல்ல முடியாது. செக்கிங்கையும் குண்டையும் மனேச்சர் அங்கிளையும் நினைத்துக்கொண்டு, கொழும்பே கொண்டாடுகிற நாளில் ஒரு சிங்கள வீட்டுக்காரியிடம் கடையைத் திறக்கச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. "நெஹே, நெஹே, ஸ்தூதி" என்று சிரித்தாள். சும்மா நடக்க வந்த மாதிரிச் சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அந்த மனுஷி விடவில்லை, மேலே ஓடிப்போய் ஒரு தட்டில் பற்றிஸ் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுத்தான் போனார். சூடான பற்றிஸ், மீன் வைத்தது. நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். லங்கா வென்றது. இருட்டி அறைக்குத் திரும்பியிருந்த நாங்கள் வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டு, பிறகு இது அந்த வெடி இல்லை என்று ஞாபகம் வந்து வெளியே வந்தோம். என் சட்டைப் பையிலிருந்த ஸ்கோர்க் கடதாசி வியர்வையில் ஊறிக் கிழிந்துவிட்டது.

மறுநாள் கடை திறந்ததும் அம்மா வாங்கில் போய் இருந்தாள். முதலாளி எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார். அம்மா நேற்று நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்த மனுஷனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லையாம். அன்று முழுக்க இருந்தோம், அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்து இருந்தேன். மணி அடிக்கும், அது வேறு யாருக்காவது.

பல கிழமைகளுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு ஐந்து மணிக்கு அப்பா ஜேர்மனியிலிருந்து எடுத்தார். கால் விரல்கள் எல்லாம் இருக்கின்றன என்றார். நான் வழக்கம்போலக் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "நீ வந்து எடுக்கேல்லை எண்டதும் எனக்கு விளங்கிட்டுது. போ எண்டு வாயால சொல்ல உனக்கு மனம் வரேல்லை. அதுதான் எடுக்காமல் விட்டனீ. என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "அந்தாள் போய்ச் சேந்திட்டுது. இனி அதைச் சொல்லி என்ன காணப்போறம்? அங்க தனிய இருந்து அதையே நினைச்சு உருகும். நீயும் சொல்லிப் போடாதை." அவரைக் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்தாள். எனக்கு இப்போது அவளுடைய அந்த நாள் வயதைவிடக் கூட. இப்போது பார்த்தால் அதைப்போல ஒரு பிழையான கணிப்பு கிடையாது. ஏனென்றால் அன்றைக்குப் பிறகு அப்பா சீலை என்ன என்று கேட்கவில்லை. சுகமா என்றுதான் தொடங்குவார். அம்மா சில மாதம் உடுத்திக்கொண்டு போனாள். பிறகு வீட்டுச் சட்டையோடு போகத் தொடங்கினாள்.

அவருக்கு அங்கே தங்குவதற்குப் பேப்பர் கிடைக்க வருடக்கணக்கானது. கிடைத்து எங்களைக் கூப்பிட்டபோது அம்மா போகவில்லை. "கடமைக்குக் கூப்பிடுறார்" என்றாள். என் படிப்பைச் சாட்டினாள். அப்பா இரண்டு தரம் வந்து போனார், விருந்தாளியைப்போல. சண்டை வந்தால் ஒரே வசனம்தான் சொல்வார்: "நீதானே என்னைப் போகச் சொன்னனீ." அம்மா வாயைத் திறக்கமாட்டாள். அந்த மௌனத்தையும் அவர் 'ஓம்' என்றே எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள். யாரை நான் கோபிப்பது?

நான் வேலைக்குப் போகத் தொடங்கின காலத்தில், சிங்களம் வாயில் நன்றாக ஓடத் தொடங்கினபிறகு, ஒருநாள் முதலாளியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நாடே டீவிக்கு முன்னால் இருக்கும்போது யார் கோல் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தாராம். கிரிக்கெட் இல்லாத நாடுகளும் உலகத்தில் இருக்கின்றன என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. தட்டியிருந்தால் ஓடிவந்து திறந்திருப்பேனே மகள் என்றார். திறந்திருப்பார்தான். அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியாது.

அம்மா போய் இப்போது நாலு வருடம். அந்த லொட்ஜை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். அதே ஒழுங்கையில் வேறொரு பிளாட்டில் நான் தனியே இருக்கிறேன். அப்பா ஜேர்மனியில் தனியே இருக்கிறார். அங்கே போய்ச் சேரும் தெம்பு எனக்கு இல்லை, இங்கே வந்து சேரும் தெம்பு அவருக்கு இல்லை. ஆனால் இன்றைக்கும் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எடுப்பார். போனில் முகம் தெரியும். நெற்றிதான் பாதி தெரியும், பிடிக்கத் தெரியாது.

நம்முடைய சாப்பாடு முடிந்து வந்த அன்றைக்கும் எடுத்தார். எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். எல்லாரும் வேர்ல்ட் கப் கதைதான் கதைத்தார்கள் என்றும் சொன்னேன். அப்பாவின் குரல் இளகியது. "அதைத்தான் நான் பாக்கேல்லை, பிள்ளை. ஜேர்மனிக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு கசற்றில பாத்தனான். அது நடக்கேக்க நான் எங்க நிண்டனோ தெரியாது. அந்த அறையில கிழமை தெரியும், திகதி தெரியாது." பிறகு, நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "நீங்கள் எங்க இருந்து பாத்தனீங்கள்?"

உங்களிடம் வட்டிலப்பம் கேட்ட மாதிரி அவரிடம் கேட்க முடியவில்லை.

"நாங்கள் பாக்கேல்லை, அப்பா. நானும் அம்மாவும் கடை வாசல்ல நிண்டனாங்கள். மேட்ச் எண்டு முதலாளி கடையைப் பூட்டிப்போட்டார். போன் உள்ளுக்க அடிச்சுக்கொண்டே இருந்தது."

நெற்றி அசையவில்லை. "எந்த ஞாயிறு?" என்று கேட்டார்.

"அந்த ஞாயிறுதான்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவருடைய யன்னலுக்கு வெளியே ட்ராம் ஒன்று போகிற சத்தம் கேட்டதால் போகவில்லை என்று தெரிந்தது. அம்மா என்ன சொல்ல இருந்தவள் என்று கேட்கப்போகிறார் என்று பயந்தேன். கேட்டால் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அந்த மனுஷன் அங்கே தனியே இருந்து அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

அப்பா அதைக் கேட்கவில்லை.

"அப்ப அவள் வந்தவள்" என்றார்.

"ஓம் அப்பா. வந்தவ."

போனைக் கொஞ்சம் கீழே இறக்கினார். முதல்தரமாக அவருடைய முகம் முழுவதும் தெரிந்தது. கிழவராகிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறதுபோலப் பார்த்தார்.

"அண்டைக்கு என்ன சீலை?" என்று கேட்டார்.

"கத்தரிப்பூக் கலர், அப்பா" என்றேன். "நீங்கள் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது."